அந்தமான் கடலில் ரிட்டர்ன் அடித்தோம்

பிள்ளைகளே, கோபக்காரர்களில் இரண்டு வகை உண்டு. காரணம் இருப்பதால் கோபப்படுகிறவர்கள் ஒரு வகை. முதலில் கோபப்பட்டுவிட்டு, அப்புறம் சாவகாசமாகக் காரணம் தேடுகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகையில் முதல் ஆள். ஆனால் இப்போது சொல்லப்போகும் நாளில் காரணம் தேடி எங்கேயும் அலைய வேண்டியிருக்கவில்லை. காரணத்தை நானே என் கையால் செய்து, அதில் என் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போயிருந்தேன்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மஸ்ஜித் ஸ்டேஷன் பக்கத்தில் பூட்டு, கீல், தாழ்ப்பாள் விற்கும் மொத்தக் கடையில் வேலை பார்க்கிறேன். பிறந்து வளர்ந்தது மாட்டுங்கா லேபர் கேம்ப். இப்போது குடியிருப்பது சான்பாடா. சாயங்காலம் கடை முடிந்து மஸ்ஜித்தில் பன்வேல் வண்டி ஏற வேண்டும். அந்த நேரத்தில் அந்த வண்டியில் மனிதன் ஏற முடியாது, மனிதனின் வியர்வை மட்டும்தான் ஏறும். அதனால் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய், ஊருக்கு நேர் எதிராக, கடைசி ஸ்டேஷனுக்குப் போகும் வண்டியில் ஏறுவோம். அங்கே எல்லோரும் இறங்குவார்கள். நாங்கள் இறங்க மாட்டோம். காலியான ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொள்வோம். அதே வண்டி திரும்பி மஸ்ஜித் வரும்போது, பிளாட்பாரத்தில் நசுங்கிக்கொண்டு நிற்கும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போவோம். இதற்குப் பெயர்தான் ரிட்டர்ன். மும்பையில் மூளை உள்ளவன் யார், இல்லாதவன் யார் என்பதை நான் இதை வைத்துத்தான் முடிவு செய்துவந்தேன். (வேறு எதை வைத்து முடிவு செய்ய? நான் படித்தது பத்தாவது.)

என் மனைவி செல்வியின் தம்பி சுடலைமுத்துவுக்கு ரிட்டர்ன் அடிக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். அவன் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் இருக்கிறான். நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. "அத்தான் சொன்னா சரியா இருக்கும்" என்பான். இந்த ஒரு வாக்கியம் என்னை எவ்வளவு கெடுத்தது என்பதைக் கேளுங்கள்.

அந்தமான் போக வேண்டும் என்று சொன்னது என் மகள் சந்தியா. அப்போது எட்டாம் வகுப்பு. அவளுக்குத் தெரிந்த கடல் தாதர் சௌபாட்டிக் கடல். டீயில் பால் குறைந்தால் என்ன நிறமோ அந்த நிறம். அதில் கால் வைத்தால் கால் தெரியாது, சில சமயம் செருப்பும் திரும்ப வராது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டினாள்.

"அப்பா, அடி தெரியிற கடல் இருக்காம்பா. மேல நின்னா கீழ மண்ணு தெரியுமாம். பவளம் தெரியுமாம்."

"படத்துல எல்லாந்தான் தெரியும்."

"இல்லப்பா, நெஜமா. கண்ணாடி போட்ல கூட்டிட்டுப் போய்க் காட்டுறாங்களாம்."

பெரிய ஆசை எதுவும் கேட்காத பிள்ளை. சைக்கிள் கேட்கவில்லை, போன் கேட்கவில்லை. கேட்டது அடி தெரிகிற கடல் மட்டும். செல்வி இரண்டு நாள் கழித்து, வளையலுக்கென்று சேர்த்துவைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். "வளையல் போட்டு நா எங்க போவப்போறேன். புள்ள பாத்துட்டு வரட்டும்" என்றாள். பெட்டி தூக்க ஆள் வேண்டுமே என்று சுடலையும் கிளம்பினான்.

தீவுக்குப் போய் இறங்கியதிலிருந்தே எனக்குக் கோபம். அங்கே யாருக்கும் அவசரமில்லை. டீ சொன்னால், கடைக்காரர் நம் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்புறம்தான் பாலை வைக்கிறார். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கப் போகிறார்கள். கூட்டம் இருக்கிறது, ஆனால் யாரும் தள்ளுவதில்லை. தள்ளாத கூட்டத்தை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. என் முதுகில் யாருடைய முழங்கையும் இல்லாமல் நிற்கவே எனக்குப் பயமாக இருந்தது.

முதல் நாட்களில் மழை வேறு. கடற்கரை வெள்ளை வெளேரென்று இருந்தது, தென்னை சாய்ந்து நின்றது, எல்லாம் சரி. ஆனால் அலை மணலைக் கிளறிக் கிளறித் தண்ணீர் கலங்கியே கிடந்தது. சந்தியா தினமும் முழங்கால் அளவுக்குப் போய்க் குனிந்து பார்ப்பாள். "தெரியுதா?" என்பேன். "இன்னும் இல்லப்பா" என்பாள். புறப்படுவதற்கு முந்தின நாள்தான் வெயில் அடித்தது. பவளத்தீவுக்குப் படகு விடுகிறார்கள் என்றார்கள். அங்கே போய்க் கண்ணாடிப் படகில் ஏறினால் அடி தெரியும். அதை விட்டால் மறுநாள் விமானம், அப்புறம் சான்பாடா, தாதர் சௌபாட்டி.

காலையில் படகுத்துறைக்குப் போய்ப் பவளத்தீவுக்கு டிக்கெட் வாங்கினோம். படகு ஏறும் வரிசை பாம்பாக நீண்டு கிடந்தது. தொப்பி போட்டவர்கள், குழந்தையைத் தோளில் வைத்தவர்கள், புதுமணத் தம்பதிகள். எங்களுக்கு முன்னால் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெரிய மனிதர், கடலைப் பார்த்துக்கொண்டே வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். வரிசையைப் பார்த்துக்கொள்ள விசில் வைத்த ஒருவர் இருந்தார். பாவம், அந்த விசிலை ஊதும் தேவை அவருக்கு வரவேயில்லை.

"இவ்ளோ பேரு ஏறுனா நமக்கு ஜன்னல் கெடைக்காது" என்றேன்.

"கெடைக்காட்டி என்னப்பா" என்றாள் சந்தியா.

அப்போதுதான் அந்தப் படகு வந்தது. நீலமும் வெள்ளையும் அடித்த, கூரை போட்ட படகு. பவளத்தீவுக்குப் போகும் என்று முந்தின நாள் யாரோ காட்டிய படகும் நீலம் வெள்ளைதான். அதிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். பிறகு கோழிக்கூடை, அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் கேன் என்று உள்ளூர்க்காரர்கள் சிலர் ஏறினார்கள். படகின் மூக்கு பவளத்தீவுக்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. உள்ளே ஜன்னல் ஓரமெல்லாம் காலி.

பிள்ளைகளே, எனக்குள் மஸ்ஜித் ஸ்டேஷன் எழுந்து நின்றது.

"சுடல, மாப்ள, வெளங்குதா?" என்றேன்.

சுடலை படகைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "ரிட்டர்னா அத்தான்?"

"பின்ன? அந்தப் பக்கம் போகும், ஆள எறக்கும், திரும்பி இங்கதான வரணும்? வேற எங்க போகும்? இவனுவ எல்லாம் நின்னு ஏறுவானுவ, நாம ஒக்காந்துருப்போம்."

"அத்தான் சொன்னா சரியா இருக்கும்."

"அப்பா, லைன் இங்க இருக்கு" என்றாள் சந்தியா.

"லைன் எங்கயும் போகாது. வண்டிதான் போகும்."

"வண்டி இல்லப்பா, போட்."

"எல்லாம் ஒண்ணுதான், வா."

செல்வி மட்டும், "யார்ட்டயாவது ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க" என்றாள். கேட்பதா? மும்பைக்காரன் வழி சொல்லுவான், கேட்க மாட்டான். ஓடிப்போய் ஏறி, ஒரு ஜன்னலில் கைக்குட்டை, ஒரு ஜன்னலில் தண்ணீர்ப் பாட்டில், ஒன்றில் சுடலை, ஒன்றில் நான். நான்கு பேருக்கும் ஜன்னல். படகு புறப்படும்போது வெளியே பார்த்தேன். வரிசை அசையாமல் நின்றது. மஞ்சள் தொப்பிக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவருக்குக் கை ஆட்டினேன். சாதாரணமாக ஆட்டவில்லை, ஜெயித்தவன் ஆட்டுவது போல ஆட்டினேன். (அந்தக் கையை இப்போது நினைத்தாலும் வெட்டிப் போடத் தோன்றுகிறது.)

படகு போனது. போய்க்கொண்டே இருந்தது. மஸ்ஜித்திலிருந்து கடைசி ஸ்டேஷனுக்குக் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடலாம். இது துறைமுகத்தைத் தாண்டியது, ஒரு தீவைத் தாண்டியது, பிறகு இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு நெருங்கி வரும் ஓர் உப்பங்கழிக்குள் புகுந்தது. கூடையில் கோழி தூங்கிவிட்டது. சந்தியா பின்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடைசியில் ஒரு சின்ன மரப்பாலத்தில் படகு ஒட்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நாங்கள் இறங்கவில்லை. நான் காலை நீட்டி இன்னும் வசதியாக உட்கார்ந்தேன். படகுக்காரர் கயிற்றைக் கட்டினார். இஞ்சினை அணைத்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தூக்குவாளியைத் திறந்தார்.

"அண்ணே, எறங்கலியா?" என்றார். தமிழர்தான். அந்தத் தீவுகளில் தமிழ் கேட்பது அதிசயமில்லை.

"நாங்க ரிட்டர்ன்" என்றேன், கொஞ்சம் கெத்தாக.

"ரிட்டர்ன்னா சாயங்காலம்ண்ணே."

"எது?"

"போட். சாயங்காலம்தான் திரும்பும். இது எங்க ஊரு போட்ண்ணே. காலைல ஆள எறக்கும், சாமான் ஏத்தும், வந்துடும். அப்பறம் சாயங்காலம் ஒரு நடை."

"கடைசி ஸ்டேஷன் வந்தா வண்டி உடனே திரும்பணும்ல?"

அவர் சோற்றில் குழம்பை ஊற்றினார். "இது வண்டி இல்லண்ணே. போட். எனக்குப் பசிக்குது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கத்தினேன். பவளத்தீவு டிக்கெட்டை எடுத்து அவர் மூக்குக்கு நேராக ஆட்டினேன். இப்போதே படகை எடு என்றேன். ஜன்னலுக்காகத்தானே இதில் ஏறினோம், இது என்ன நிர்வாகம் என்றேன். எதிர்ப்பக்கம் போகிறவனை ஏன் ஏற்றினாய் என்றேன். அவர் அமைதியாக மீன் முள்ளை எடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல" என்றார். கத்துகிறவனுக்கு எதிரே ஒருவன் அமைதியாகச் சாப்பிடுவதைப் போன்ற அநியாயம் உலகத்தில் வேறில்லை. இன்றைக்கும் அவர் மேல் எனக்குக் கோபம்தான். அவர் செய்தது ஒன்றுமே தப்பில்லை என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகக் கோபம்.

செல்வி என் பக்கமே திரும்பவில்லை. மிகவும் கோபம் வந்தால் அவள் என்னிடம் நேராகப் பேச மாட்டாள், தம்பியிடம் பேசுவாள்.

"எல சுடல, ஒங்க அத்தான்ட்ட கேளு, இது எந்த ஸ்டேஷனாம்?"

சுடலை என்னைப் பார்த்து, "அத்தான், அக்கா கேக்கா" என்றான்.

"கைல போட வேண்டியத கடல்ல போட்டுட்டு வந்து நிக்கேன். எதப் பாக்கதுக்கு? சேத்தப் பாக்கதுக்கு. கேளு."

"அத்தான், அக்கா…"

"எனக்குக் காது கேக்கு மாப்ள."

சேறுதான். தண்ணீர் வற்றும் நேரம். மரங்களின் வேர்கள் கால் மாதிரி நின்றுகொண்டிருந்தன, நடுவில் பழுப்பாகச் சேறு. சமாளிக்க வேண்டுமே. "இதுவும் தீவுதான். இயற்கை. நல்லாப் பாரு" என்றேன் சந்தியாவிடம். அவள் பார்க்கவில்லை. சேற்றில் ஒரு மீன் துடுப்பை ஊன்றி ஊன்றி நடந்து போனது.

"அத்தான், மீன் நடக்கு" என்றான் சுடலை, ஆச்சரியமாக. "ஏ சந்தியா, இங்க பாரு, மீன் நடக்கு."

அந்த மீன் மேலும் எனக்குக் கோபம் வந்தது. நீந்துவதற்குத்தானே மீன்? அதுவும் என்னைப்போல எதிர்ப்பக்கம் போகிறது.

அப்போது தூரத்தில், கழியின் வாய்க்கு வெளியே, நீலமும் வெள்ளையுமாக ஒரு படகு போனது. மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தது. வரிசையில் நின்றவர்கள்தான், தீவைச் சுற்றிக்கொண்டு பவளத்தீவுக்குப் போகிறார்கள். நான் மரப்பாலத்தின் நுனிக்கு ஓடினேன். கைக்குட்டையை எடுத்து ஆட்டி, "ஹோய், ருக்கோ, ருக்கோ" என்று கத்தினேன். தாதரில் ஓடும் வண்டியையே நிறுத்தக் கத்தியவன் நான் (நின்றதில்லை, அது வேறு). இன்னும் கொஞ்சம் முன்னால் போனால் நன்றாகத் தெரியும் என்று பாலத்திலிருந்து கீழே குதித்தேன். முழங்கால் வரை சேறு வாங்கிக்கொண்டது. அப்படியே நின்று ஆட்டினேன்.

படகில் இருந்தவர்கள் பார்த்தார்கள். மஞ்சள் தொப்பிக்காரர் எழுந்து நின்றார். கை ஆட்டினார். சந்தோஷமாக, இரண்டு கையாலும் ஆட்டினார். பக்கத்தில் இருந்த குழந்தைகளும் ஆட்டின. தீவுவாசி ஒருவர் வழியனுப்புகிறார் என்று நினைத்திருப்பார்கள். போய்விட்டார்கள்.

பின்னாலிருந்து படகுக்காரரின் குரல் வந்தது. மோர் வேண்டுமா என்று கேட்கிற குரல்.

"அண்ணே, அங்க நிக்காதீங்க. முதலை வரும்."

பிள்ளைகளே, நான் எப்படி மேலே வந்தேன் என்று எனக்குத் தெரியாது. செருப்பு இரண்டும் சேற்றிலேயே நின்றுவிட்டன. வேட்டியாக இருந்தால் அதுவும் நின்றிருக்கும், நல்லவேளை பேண்ட். பாலத்தின் மேல் நான்கு காலில் ஏறினேன் என்று சுடலை சொல்கிறான். சோற்றுக் கையோடு படகுக்காரர் சிரித்தார். பாலத்தில் இருந்த கோழிக்காரர் சிரித்தார். செல்விகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

சந்தியா சிரிக்கவில்லை.

"கண்ணாடி போட்லயா போணும்னு வந்தீங்க?" என்று படகுக்காரர் அவளிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள். "அதுல ஏது ஜன்னல்? நடுவுலதான் கீழ கண்ணாடி பதிச்சிருக்கும். எல்லாரும் குனிஞ்சுதான் பாக்கணும். ஓரத்துல ஒக்காந்தாதான் ஒண்ணும் தெரியாது."

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது.

"நா ஜன்னல் கேட்டேனாப்பா?" என்றாள். "எப்பவாவது கேட்டேனா? ஒனக்குத்தான் சீட் வேணும். எங்க போனாலும் சீட். நா நின்னுட்டே பாத்திருப்பேன். ஒரு நிமிஷம் பாத்திருப்பேன். எனக்கு அது போதும்."

"இல்லம்மா, ஒனக்கு வசதியா இருக்கட்டும்னுதான்…"

"முஜ்ஸே பாத் மத் கரோ."

என்னோடு பேசாதே என்று அர்த்தம். கோபம் எல்லை தாண்டினால் அவள் ஹிந்திக்குப் போய்விடுவாள். தமிழில் திட்டினால் அப்பனாக நின்று பதில் சொல்லலாம். ஹிந்தியில் திட்டினால் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவனைப் போல ஆகிவிடுவேன். வெறுங்காலோடு, சேறு காய்ந்து உதிர உதிர, சாயங்காலம் வரை அந்தப் பாலத்தில் உட்கார்ந்திருந்தேன். படகு திரும்பும்போது எங்களுக்கு நான்கு ஜன்னலும் கிடைத்தன. போட்டியே இல்லை.

மறுநாள் விமானம். சந்தியாவுக்குத்தான் ஜன்னல் இடம். அவள் உட்காராமல் ஒதுங்கி நின்றாள்.

"நீ உக்காருப்பா. ஜன்னல்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மறுத்தால் பின்னால் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள். உட்கார்ந்தேன். நடுவில் செல்வி. ஓரத்தில் சந்தியா.

விமானம் மேலே ஏறி ஒரு பக்கம் சாய்ந்து திரும்பியது. என் பக்கம். கீழே ஒரு தீவு, அதைச் சுற்றிப் பச்சையாகத் தண்ணீர். தண்ணீர் என்றே சொல்ல முடியாது, அப்படித் தெளிவு. அடி தெரிந்தது. வெள்ளை மணல் தெரிந்தது. மணலில் திட்டுத் திட்டாக ஏதோ இருந்தது, பவளமாகத்தான் இருக்க வேண்டும். ஒரு படகு நின்றது, அதன் நிழல் தனியாக அடியில் கிடந்தது. அவ்வளவு மேலே இருந்து நிழல்கூடத் தெரிந்தது.

"சந்தியா" என்றேன். கண்ணை மூடியிருந்தாள். தூக்கமில்லை, இமை துடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு முறை கூப்பிட வாயைத் திறந்தேன். "பேசாம வாங்க" என்றாள் செல்வி, அந்த மரப்பாலத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. அதற்குள் மேகம் வந்து மூடிவிட்டது. மேகத்தின் மேல் எப்படிக் கோபப்படுவது என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

இப்போது சந்தியா ஐரோலியில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குப் போகிறாள். வண்டியில் இடம் காலியாக இருந்தாலும் கதவோரம் நின்றுதான் போவாள். வீட்டில் எனக்கு எதற்காவது அவசரம் வந்தால் போதும், கல்யாணப் பந்தியில் நான் இலைக்கு முன்னால் கைக்குட்டை போட்டால் போதும், ஆட்டோவில் முதலில் ஏறினால் போதும், யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள்: "நீ உக்காருப்பா. ஜன்னல்." உடனே எல்லோரும் சிரிப்பார்கள். அவளும்தான் சிரிக்கிறாள். சுடலை போகிற இடமெல்லாம் முதலைக் கதையைச் சொல்கிறான். முதலில் முதலை வரும் என்று ஒருவர் சொன்னதாக இருந்தது. பிறகு முதலை வந்தது. போன தீபாவளிக்கு லேபர் கேம்ப்பில் சொன்னபோது என் செருப்பைத் தின்றுவிட்டு, அத்தானைப் பார்த்து ஏப்பம் விட்டது என்றான். நான் கோபப்பட்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

அடி தெரிகிற கடலை அவள் இன்னும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன் என்பதும் அவளுக்குத் தெரியாது. தமிழை அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், இவ்வளவு தூரம் வருவதற்குள் அலுத்து மூடிவிடுவாள். உங்களில் யாராவது அவளுக்கு இதை வாசித்துக் காட்டினால், பிள்ளைகளே, விமானத்தில் நான் கீழே பார்த்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு வாசியுங்கள். வேண்டுமானால் முதலையை இரண்டு தடவை வாசியுங்கள்.